இருபத்துநாலு ஓம்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், பேக்கரி அடுப்பும் நல்லா இருக்கு, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். நீயும் அங்க ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவுல வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தெம்பா இருக்கேன்னு நம்பிக்கிட்டே எழுதறேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துடாதே.

போன்ல சொன்னா நீ பதறுவேன்னு சொல்லாம விட்டேன். ரெண்டு மாசமா கரண்ட் அடுப்பு படுத்தி எடுத்துது. பன் மேல வெளுத்துப்போய் இருக்கு, பிட்டுப் பார்த்தா நடுவுல பிசுபிசுங்குது. பள்ளிக்கூட கேன்டீன் அம்மா ஒரு தட்டு பன்னை அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க, அப்பாவுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. நம்ம வயர்மேனைக் கூப்பிட்டோம், அவர் அடுப்பைப் போடாமலே பிளக்குல மீட்டரை வச்சுப் பார்த்துட்டு, கரண்ட்டெல்லாம் சரியாத்தான் வருது, எரநூத்தி நாப்பது வோல்ட் காட்டுது, அடுப்புக்குள்ள காயில்தான் வயசாயிடுச்சு, பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்குங்கன்னார். அப்பா அடுப்பைத் தடவிக்கிட்டே நின்னார், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கலை. அந்தாளு பையைத் தூக்கும்போது, இருங்க, அடுப்பு எரியறப்போ ஒரு தடவை பாருங்களேன்னு வாயை விட்டுட்டேன். அவர் சிரிச்சார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், உனக்கு எதுக்கு இந்த வேலைங்கற பார்வை, உனக்குத்தான் தெரியுமே. ஆனா அந்த மனுஷன் நல்லவர், சரிம்மா உங்க ஆசையைக் கெடுப்பானேன்னு அடுப்பைப் போட்டுட்டு அதுகிட்ட மீட்டரை வச்சார். எரநூத்திப் பதினாறு. வயரைக் கவ்வற மீட்டரையும் மாட்டினார், ஒன்பது ஆம்பியர். நான் பன் அட்டைப்பெட்டி மேலயே பென்சிலால கணக்குப் போட்டேன். அடுப்புத் தகட்டுல எரநூத்தி நாப்பது வோல்ட், ரெண்டாயிரத்து நானூறு வாட்னு அடிச்சிருக்கு, வாட்டை வோல்ட்டால வகுத்தா பத்து ஆம்பியர், வோல்ட்டை அந்தப் பத்தால வகுத்தா இருபத்துநாலு ஓம். இப்போ அளந்ததை வகுத்தேன், எரநூத்திப் பதினாறை ஒன்பதால வகுத்தாலும் அதே இருபத்துநாலு! காயில் புதுசுல எப்படி இருந்துதோ அப்படியேதான் இருக்கு. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வாட்தான் வருது, அஞ்சுல ஒரு பங்கு சூடு குறைச்சல், பன் எப்படி வேகும்?

வயர்மேன் சிரிப்பை நிறுத்திட்டு நேரா மெயின் போர்டுக்குப் போனார். அடுப்பு எரியும்போதும் அங்க எரநூத்தி நாப்பது அப்படியே இருக்கு. அப்போ நடுவுல இருபத்துநாலு வோல்ட்டை யாரோ முழுங்கறாங்க, அதையும் ஒன்பதால பெருக்கினா எரநூத்திப் பதினாறு வாட், ரெண்டு பெரிய குண்டு பல்பு வழியில எங்கயோ எரியற கணக்கு. அதை நான் வாய்விட்டுச் சொன்னதும் வயர்மேன் ஓடிவந்து அடுப்பை அணைச்சு, மெயினையும் இறக்கிட்டு, வயர் போற வழியில இருந்த மாவு மூட்டைகளைத் தள்ளிட்டுப் பார்த்தா, ஒல்லி வயர் ஒண்ணை எந்தக் காலத்துலயோ யாரோ முறுக்கி ஒட்டுப் போட்டிருக்காங்க, டேப் உருகி வழிஞ்சு, பின்னாடி பலகை கரிக்கட்டையா இருக்கு, மூட்டையோட முதுகும் பழுப்பேறிப்போச்சு. அந்த மூட்டையில சாஞ்சுக்கிட்டுத்தான் அப்பா தினமும் மத்தியானம் கண்ணசருவார். அவர் அந்தக் கரியை விரலால தொட்டுப் பார்த்தார், அப்புறம் ரொம்ப நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னார். வயர்மேன், தப்பு என் மேலதாம்மா, எரியவிட்டுப் பார்த்திருக்கணும்னு தானாவே சொல்லிட்டு, அன்னிக்கே பழசைப் பிடுங்கிட்டுத் தடிமனான வயரை இழுத்துக் கொடுத்தார். இப்போ அடுப்புல வோல்ட் குறையறதே இல்லை. முதல் தட்டை அப்பா பழைய பழக்கத்துல கூடுதல் நேரம் விட்டுக் கருக்கிட்டார், அதுக்கும் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷன் உலகத்துலயே அவராத்தான் இருக்கும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டார். உங்க மகள் கரண்ட் படிப்புப் படிச்ச ரெண்டு வருஷமும் நான் மாவு பிசையப் பிசைய எதிர்ல உட்கார்ந்து சத்தம் போட்டுத்தானே படிச்சா, ஒரே பரீட்சையை ரெண்டு தடவை எழுதினா, எனக்கு மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்னேன். நீ அதைப் பாதியில விட்டுட்டு நர்ஸ் படிப்புக்குப் போனதுலேர்ந்து அவர் மனசுல ஒரு முள் இருந்துது, போன் வந்தா என்கிட்ட நீட்டிட்டு நழுவிடுவார், நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்னிக்குச் சாப்பிடும்போது, அவ படிச்சது வீணாப் போகலைடின்னார், அவ்வளவுதான், அதுக்கு மேல அவருக்கு வராது. உனக்கும் அந்த ரெண்டு வருஷம் மனசை உறுத்திக்கிட்டு இருந்தா இன்னியோட விட்டுடும்மா.

உடம்பைப் பார்த்துக்கோ, நின்னுக்கிட்டே சாப்பிடாதே, கால் வீங்கினா வெந்நீர்ல வை. நீ தொட்டதெல்லாம் நல்லபடியா நடக்கணும், நல்லா இரு. கீழ அப்பா பேனாவைப் பிடுங்கி எழுதியிருக்கார், அதுக்குப் பதிலை என்கிட்டச் சொல்லாதே, மறக்காம அவர்கிட்டயே பேசிச் சொல்லு.

உன் நினைப்பாவே இருக்கும்
அம்மா

உன் ரூம்ல இருக்கற ஹீட்டர் எத்தனை வாட்? வயர் சுடுதான்னு பார்த்தியா? ஞாயித்துக்கிழமை கூப்பிடு, நான்தான் எடுப்பேன். அப்பா.