சபைக்குப் பத்து வயது

ஜனவரி 12, ஞாயிறு

கிழக்குக் காற்று. கஞ்சிக்கோட்டு ஆலைத் தூசி முழுக்கக் கோயிலுக்குள். ஆராதனைக்கு முன் இரண்டு முறை பெருக்கினேன்.

அடுத்த மாதம் எங்கள் தமிழ்ச் சபைக்குப் பத்து வயது. கமிட்டியின் கவலையெல்லாம் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பது. என் வீட்டுக்காரர் காரியதரிசி. இரண்டாவது இடமாவது வேண்டுமாம்.

பாடகர் குழுவில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். மூவருக்குத் தொண்டைக் கட்டு. ஒழுங்காகப் பாடியவள் சுனிதா. ஜார்க்கண்ட் பெண், கணவன் சீலாஸ் இரும்பாலையில். தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறாள். ழகரம் உதைக்கும். எங்கள் ஆட்களுக்கும்தான்.

குழந்தைக்கு இங்கேயே ஞானஸ்நானம் வேண்டும் என்று போதகரிடம் கேட்டாள். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறாராம். மழை பெய்தாலும் கமிட்டியைக் கேட்டுத்தான் குடை விரிப்பார்.

ஜன. 15, புதன்

கமிட்டி எங்கள் வீட்டில். டீ, மறுபடி டீ.

பொருளாளர் சொன்னது சமையலறை வரை கேட்டது: "இன்னிக்கு ஒரு கொழந்தைம்பாங்க. நாளைக்கு முப்பது பேரு வந்து நிப்பாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குத் தனியா வெச்சுக்கட்டுமுங்க."

என் வீட்டுக்காரர்: "அதுவும் செரிதானுங்க."

நான் டம்ளரை வைத்த வேகத்தில் பொருளாளர் வேட்டியில் டீ. மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜன. 16, வியாழன்

தலைவலி. பத்து வருஷமும் மண்டைக்குள். முதலில் இந்த ஊர் மலையாள சபையில் இரவல் நேரம், அதே மத்தியானம் இரண்டு மணி, ஃபேன் போடக் கூடாது. பிறகு டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பிறகு கட்டடம். மைக் சண்டையில் ஒரு கூட்டம் பிரிந்தது. கொரோனாவில் போனில் ஆராதனை. பாதிப் பேர் இன்னும் போனிலேயே. சபைப் பிள்ளைகள் கோவை, பெங்களூர், கல்ஃப். இப்போது பெஞ்சு நிரம்புவதே சீலாஸோடு வரும் ஜார்க்கண்ட் கூட்டத்தால்.

"ஏனுங்க, அந்த வெயில்ல நாம பட்டது மறந்து போச்சுங்களா?"

"அது வேற, இது வேற." குளிக்கப் போய்விட்டார்.

சட்னிக்கு உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

ஜன. 19, ஞாயிறு

பொதுக்கூட்டம். கல்வெட்டுக்கே ஒரு மணி நேரம். குழந்தை விஷயம் கடைசியில், எல்லோருக்கும் பசிக்கும்போது.

எழுந்தேன். "அவங்க ரெண்டு மணிக்குன்னா நானும் அப்பவே வந்துக்கறேனுங்க. காலைல நீங்களே பாடிக்குங்க."

சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. சிரிப்பு நின்றது. போதகர் முதல்முறையாகக் கமிட்டியைப் பார்க்காமல் பேசினார்: "அடுத்த ஞாயிறு. காலை ஆராதனையிலயே."

திரும்பும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஒரு பள்ளம் விடாமல் இறக்கினார்.

ஜன. 26, ஞாயிறு

குழந்தைக்கு நான் ஞானத்தாய். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய சீலாஸின் நண்பனை ஆலையில் ஷிப்ட் முடிந்தும் விடவில்லை. போதகர், "வேற யாராவது நிக்கறீங்களா?" என்றார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். எரிச்சலில் எனக்குக் கண் கலங்கியது.

பின்னால் பெஞ்சு நகரும் சத்தம். இவர். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கத் தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சுனிதா இவர் கையைப் பிடித்துக் குழந்தையின் தலைக்கடியில் வைத்தாள்.

சாயங்காலம் பொருளாளர் போன். இரண்டு குடும்பம் இனி வராதாம்.

"செரிங்க" என்று இவர் போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் நல்ல கனம், புள்ள."

தோளில் பால் கக்கிய கறை. சட்டையைக் கழற்றச் சொன்னால் கேட்கிறாரா.