பாதி கீபோர்டு சொன்ன பதில்

என் வீட்டுக்காரருக்கு, நான் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

முதலில் நல்ல சேதிகள். பேரன் கணக்கில் முதல் ரேங்க். சின்னவள் நீச்சலில் கோப்பை வாங்கிவிட்டாள். நான் யாருக்குச் சமைத்துப்போட வந்தேனோ, அந்த மூத்த பேத்தியோ மணிக்கட்டு வலி தாங்காமல், தன் கைக்கு ஏற்ற கீபோர்டைத் தானே இரண்டு பாதியாகச் செய்துவிட்டாள். சுண்டுவிரல் குட்டை என்று அதன் பட்டன்களை மட்டும் கீழே இறக்கினாள். மூன்று தடவை பிரித்து ஈயத்தால் பற்றவைத்தாள். வலி போயே போச்சு.

எனக்கும் ஒரு பட்டன் ஒதுக்கி, "அமுக்கினா என்ன வார்த்தை வரணும், பாட்டி?" என்றாள். உங்கள் பெயரை நான் சொல்வேனா? "ஏங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் வலது பாதியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். மேசையைத் துடைத்தபடி இடது பாதியில் என் பட்டனை விளையாட்டாக அமுக்கினேன். திரையில் "ஏங்க" வந்தது. கையை எடுத்த பிறகு, அதன் கீழே ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக வந்தது: "இங்கதான் இருக்கேன், சொல்லு."

நான் கூப்பிட்டால் நீங்கள் சொல்கிற அதே பதில்.

பேத்தி வந்து பார்த்துச் சிரித்தாள். "ஈயம் சரியா ஒட்டல பாட்டி, அதான் கண்டபடி அடிக்குது."

"கண்டபடி அடிச்சா உங்க தாத்தா மாதிரியா அடிக்கும்?"

அவள் திரையை மறுபடி படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இதுல பாதி எழுத்து, கழட்டி வச்ச பக்கத்துலதான இருக்கு?"

நான் பயப்படவில்லை. போனில் கேட்டால் நன்றாக இருப்பதாகத்தான் எப்போதும் சொல்வீர்கள். அடுப்பில் குழம்பு தீய்கிறது, முடிக்கிறேன். மாத்திரையை மறக்காதீர்கள். நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று நான் கண்ணால் பார்க்க வேண்டும். இது கிடைத்த அன்றே ஸ்டூடியோவுக்குப் போய், நின்றபடி புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். பழையது எதுவும் வேண்டாம்.