பட்டியலில் வெட்டிய பதினோராவது பாட்டு

உன் ஹெட்போனின் காதுப் பஞ்சில் இன்னும் நல்லெண்ணெய் மணக்கிறது. தலையில் ஒரு முடிகூட இல்லாமல் போன பிறகும் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் வைப்பதை நீ விடவில்லை. "முடி இல்லையெண்டாலும் தலை இருக்குத்தானே" என்பாய். இப்போது நீ இல்லை, உன் எண்ணெய் மணம் என் மேசையில் கிடக்கிறது. மூன்று நாட்களாக நான் அந்த மேசையைத் துடைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, கனடாவுக்குத் திரும்புவதற்கு முதல்நாள் உன் மகன் கரவெட்டியில் என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே பையை நீட்டினான். "அன்ரி, அம்மா இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ. போனுக்குப் பூட்டு இல்லை. எல்லாம் அப்பிடியே கிடக்கு." தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தான். அவனுடைய நெற்றி அப்படியே உன் நெற்றி. அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

பைக்குள் உன் போன், ஹெட்போன், ஹெட்போன் உறைக்குள் நாலாக மடித்த ஒரு கொப்பித் தாள். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உனக்கு எழுதித் தந்த பாட்டுப் பட்டியல்.

போன வருடம் மாரி தொடங்கும்போதுதான் ஆஸ்பத்திரியில் உனக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை நான் கந்தோரில் லீவு போட்டுவிட்டு வருவேன். நீ கட்டிலில், நான் பிளாஸ்டிக் கதிரையில். துளித்துளியாக இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய அலுப்பு. அதற்காகத்தான் உன் மகன் போனை அனுப்பி, இணையக் கடையில் பாட்டு வாங்குவதற்குத் தன் கார்ட்டையும் அதில் சேர்த்துவிட்டிருந்தான். காசில்லாமல் கேட்கலாமே என்றேன். நீ கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "வேண்டாமடி. அவ உருகி உருகிப் பாடுறா, நடுவிலை ஒருத்தன் வந்து பற்பசை விக்கிறான்."

அதுவரைக்கும் உன் விருப்பத்துக்கு நீ பாட்டுக் கேட்டதே இல்லை. கோயில் ஒலிபெருக்கி எதைப் போட்டதோ அது, பஸ்காரன் எதைப் போட்டானோ அது. வட்டுக்கோட்டையில் நீ வாழப்போன வீட்டில் ரேடியோ செய்திக்கு மட்டும்தான் வாய் திறக்கும். உன் மனிசன் நல்ல மனிதர், ஆனால் பாட்டு என்றால் தலையிடி என்பார். அவர் போன பிறகும் நீ அந்த ரேடியோவைத் தொடவில்லை. ஐம்பது வயதில் முதல்முறையாக உன்னிடம் ஒரு கடை முழுக்கப் பாட்டு இருந்தது, எதை வாங்குவது என்று தெரியாமல் முழித்தாய்.

அந்த முதல் கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரே பாட்டை ஏழு தடவை வாங்கியிருந்தாய். மகன் கனடாவிலிருந்து எனக்குப் போன் எடுத்து, "அன்ரி, அம்மாவுக்கு அந்தப் பாட்டு அவ்வளவு விருப்பமோ?" என்று கேட்டான். விசாரித்தால், ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் ஒவ்வொரு தடவை வாங்கவேண்டும் என்று நினைத்திருக்கிறாய். "பஸ்ஸிலை ஏறினா ஒவ்வொருக்காலும் ரிக்கற் எடுக்கிறேல்லையோ?" என்று என்னிடமே நியாயம் கேட்டாய். ஒருமுறை வாங்கினால் அது உனக்குச் சொந்தம், சாகும்வரைக்கும் கேட்கலாம் என்று நான் சொன்னேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். நீ காதில் விழாத மாதிரி இருந்தாய்.

அதன் பிறகு நான் உனக்குப் பாடமே நடத்தினேன். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள், உனக்குத்தான் தெரியுமே. பாடியவரின் பெயரைப் பார்த்து வாங்கு, அதே பாட்டை வேறு யாரோ பாடி விற்பார்கள். முதலில் அரை நிமிடம் சும்மா கேட்கவிடுவார்கள், கேட்டுவிட்டு வாங்கு. ஒரு பாட்டுக்காக முழுப் படத்துப் பாட்டையும் வாங்காதே. வாங்கியதைப் போனில் இறக்கி வை, ஆஸ்பத்திரியில் சிக்னல் இழுபடும். நீ ஓமோம் என்று தலையாட்டிவிட்டுக் கடைசியில், "உதெல்லாம் கிடக்கட்டும், என்ன பாட்டு வாங்கிறது எண்டு எழுதித் தா" என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து எழுதினேன். இருபத்திரண்டு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிப்பு. முதலாவதுக்கு, "ஊசி குத்த முன்னம் கேள், மேளச் சத்தத்தில் நோவு தெரியாது." ஐந்தாவதுக்கு, "சோறு இறங்காத நேரம்." எட்டாவதுக்கு, "படத்தைப் பார்க்காதே, பாட்டை மட்டும் கேள்." பதினேழாவதுக்கு, "இதற்குத்தான் நீ பள்ளிக்கூட மேடையில் ஆடி விழுந்தாய்." வயதுப் பிள்ளைகள் கடிதம் எழுதுவதுபோல எழுதினேன். பத்து முடிந்து பதினொன்று என்று இலக்கம் போட்டதும் கை தானாக ஒரு பாட்டை எழுதிவிட்டது. எழுதியதைப் பார்த்தேன். பேனையால் அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் கீறி, எழுத்தே தெரியாமல் வெட்டிவிட்டுப் பன்னிரண்டுக்குப் போனேன்.

நீ பட்டியலை வாங்கியவுடன் கேட்டாய்: "பதினோராவதா என்னத்தையடி வெட்டியிருக்கிறாய்?"

"பிழையா எழுதிப்போட்டன்" என்றேன்.

நீ "ஓம்" என்றாய். பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாய். கண்ணாடி போடாததால் அப்படிப் பார்க்கிறாய் என்று நான் நினைத்தேன்.

அந்தப் பாட்டைக் கேட்ட காலத்தில் நமக்குப் பத்தொன்பது வயது. மின்சாரம் இல்லாத ஆண்டுகள், கடையில் பற்றரியும் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் நீ இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த உன் வீட்டிலிருந்து எங்கள் வளவுக்கு வந்துவிடுவாய். என் அண்ணை சைக்கிளை மாமரத்தின் கீழ் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் வயரை ரேப் ரெக்கோடரில் கொழுவுவார். பெடலைக் கையால் சுற்றினால் பாட்டு வரும். சுற்றுகிறவரின் கை எப்படியோ பாட்டும் அப்படித்தான். நான் சுற்றினால் பாடுகிறவர்கள் எல்லோரும் அணிலாகிவிடுவார்கள். நீ சுற்றினால் நடுவில் சிரித்து நிறுத்திவிடுவாய். அண்ணை ஒருவர்தான் சீராகச் சுற்றுவார்.

ஆனால் கசெற்றின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக வரும் அந்தப் பாட்டுக்கு மட்டும் அவருடைய கை தளரும். குழலில் தொடங்கி ஒரு பெண் தனியே பாடும் பாட்டு. அவளுடைய குரல் தடித்து, ஒவ்வொரு சொல்லும் இழுபட்டு இழுபட்டு வரும். எனக்கு எரிச்சல் வரும். "ஒழுங்காச் சுத்துங்கோ அண்ணை, அவ நித்திரை கொள்ளுறா" என்பேன். "கை நோகுதெடி" என்பார். நீ சில்லுக்கு மற்றப் பக்கம் இருந்து, கம்பிகளுக்கு ஊடாகப் பார்த்தபடி என்னிடம் சொல்வாய்: "கொண்ணையைப் பேசாதை. அவர் ஆறுதலாச் சுத்தட்டும்." அந்தப் பாட்டு முடிந்ததும் நீ எழும்பி வீட்டுக்குப் போவாய். அதுதான் உன் நேரக் கணக்கு. உன் அம்மா படலையில் பார்த்துக்கொண்டு நிற்பா.

ஒரு தை மாதத்தில் அண்ணை வவுனியாவுக்குப் போவதற்காகக் கடல்நீரேரியைக் கடக்கப் போனார். அவர் ஏறிய படகு மறுகரை சேரவில்லை. செத்த வீடு என்று சொல்வதற்கு எங்களுக்கு உடலும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நீ தினமும் வந்து பெண்களோடு பெண்ணாக ஒரு மூலையில் இருந்தாய். உனக்கு அங்கே என்ன உரிமை என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி. கிணற்றடியில் ஒருநாள் என் தோளில் முகத்தை வைத்து, சத்தம் வெளியே வராமல் அழுதாய். அதுதான் முதலும் கடைசியும்.

நாலு வருடம் கழித்து உன் கலியாணத்தன்று நான்தான் உனக்குத் தலை பின்னினேன். கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று தொடங்கிய பழக்கம். எல்லாவற்றையும் கதைத்தோம், உன் மாமியாரின் வாயிலிருந்து என் கந்தோர்ச் சண்டைவரை. அண்ணையின் பெயரை மட்டும் நான் உன் முன்னால் எடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உன் கடைசி மாதத்தில் ஒருநாள் காலையில், நான் கந்தோரில் இருக்கும்போது போன் எடுத்தாய். குரல் நன்றாகத் தேய்ந்துவிட்டிருந்தது. "எடியே, காசு குடுத்து வாங்கிற பாட்டெல்லாம் ஏன் உப்பிடி ஓடுது? ஒருத்தரும் ஆறுதலாப் பாடுறதில்லையோ?"

மேசை நிறையக் கடதாசி. நான் அவசரத்தில் சிரித்தேன். "பாட்டு எப்பவும் ஓடின மாதிரித்தான் ஓடுது. நீதான் மெதுவாப் போனாய்."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்றாய். பிறகு எனக்கு வேலை இருக்குமென்று நீயே வைத்துவிட்டாய்.

நேற்றுத்தான் உன் போனைத் திறந்தேன். நீ வாங்கியவை எல்லாம் தேதியோடு வரிசையாக இருந்தன. நான் எழுதித் தந்த இருபத்தொரு பாட்டும், எழுதிய ஒழுங்கிலேயே. உனக்கு அவ்வளவு கீழ்ப்படிவு எப்போது வந்தது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டு கீழே போனேன். அவற்றுக்கு நடுவே நான் வெட்டிய அந்தப் பாட்டு இருந்தது. பட்டியலைத் தந்த அன்றைக்கே வாங்கியிருக்கிறாய். பிறகு இன்னொரு தடவை. பிறகும் இரண்டு தடவை. பழையபடி ஒவ்வொரு தடவை கேட்கவும் வாங்குகிறாயோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நாலும் நாலு விதம். ஒன்று படத்தில் வந்தது, ஒன்று மேடையில் பாடியது, ஒன்று வேறொரு பெண் பாடியது, ஒன்று பாடாமல் வயலினில் வாசித்தது. கடைசியாக வாங்கியது நீ எனக்குப் போன் எடுத்த அன்று, எடுப்பதற்குக் கொஞ்சம் முதல்.

தாளைப் பிரித்து நானும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பின்பக்கமாகப் பார்த்தால் வெட்டுக்கு ஊடாக எழுத்துத் தெரிகிறது. நான்தான் பேனையை அழுத்தி எழுதுகிறவள் ஆயிற்றே. கண்ணாடி இல்லாமலே நீ அதை வாசித்திருக்கிறாய். வாசித்துவிட்டு, எனக்கு நோகும் என்று என்னிடம் கேட்காமல் இருந்திருக்கிறாய். நான் உன்னைக் காப்பாற்றினேன், நீ என்னைக் காப்பாற்றினாய். அதனால் அந்தக் கட்டிலில் நீ தனியாகக் கிடந்து அண்ணையின் கையைத் தேடியிருக்கிறாய். இதை எழுதும்போது என் மீது எனக்கு வருகிற கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஹெட்போனைக் காதில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். எனக்கும் அது ஓட்டமாகத்தான் இருந்தது. யாரோ துரத்துவது போலப் பாடிவிட்டுப் போகிறாள். போனில் பாட்டின் பக்கத்தில் மூன்று புள்ளி இருக்கிறதல்லவா, அதைத் தொட்டால் வேகத்தைக் குறைக்கும் இடம் வரும். உனக்கு நடத்திய பாடத்தில் அதை நான் சொல்லவில்லை, தேவைப்படும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் குறைத்தேன். இன்னும் கொஞ்சம். குரல் அன்றுபோலத் தடிக்கவில்லை, ஆனால் சொற்கள் இழுபடத் தொடங்கின. இரண்டாவது அடியில் அண்ணை கை மாற்றிச் சுற்றும் இடத்தில் என் தோள் தானாக அசைந்தது. அவருக்குக் கை நோகவில்லையடி. முப்பது வருடம் கழித்து எனக்கு அது விளங்குகிறது. உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இன்று பஸ்ஸில் கந்தோருக்குப் போகும்போது உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பட்டியலில் பதினோராவது இடத்தில், வெட்டுக்கு மேலே இருந்த சின்ன இடைவெளியில், அந்தப் பாட்டைத் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் குறிப்பு: "ஆறுதலாக." நாலரை நிமிடப் பாட்டு அப்படி ஓடினால் ஐந்து நிமிடம் வருகிறது. நீ எழும்பிப் போவதற்கு முன் அண்ணை உன்னை இருத்தி வைத்த அரை நிமிடம் அது. அதைத்தான் நீ நாலு தடவை வாங்கிப் பார்த்திருக்கிறாய். அது கடையில் இல்லையடி. என்னிடம் இருந்தது. நான்தான் வெட்டிவிட்டுத் தந்தேன்.