வாயில் மண்ணோடு ஒரு குளவி

பசுமலை,
2.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். போனில் பேச்செடுத்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். பிள்ளை வேண்டுமென்று போன ஆஸ்பத்திரியில், பரிசோதனைக்கு நம் இருவரையும் வரச் சொன்னார் டாக்டர். அதற்காகவா சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் வேலைக்குக் கிளம்பினீர்கள்? வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

பொழுது போகாமல் தோட்டத்தில் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறேன். தும்பியோ தேனீயோ ஒரு நொடி நிற்பதில்லை. எல்லாப் படத்திலும் சிறகு கலங்கிப் போகிறது. நேற்றுதான் ஒன்று அமைந்தது. குழாயடி ஈரமண்ணை உருட்டி வாயில் கவ்விக்கொண்டு நம் சன்னலுக்குப் பறக்கிற குளவி. அங்கேதான் கூடு கட்டுகிறது. படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சிறகில் ஓடும் நரம்புகூடத் தெரிகிறது, பாருங்கள். உங்களிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை.

உங்கள்
கனகா

திருப்பூர்,
7.9.2025

என் கனகாவுக்கு,

படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். வாயால் சொல்ல வெட்கப்பட்டுப் படத்தில் சொல்கிறாயா, கள்ளி! குளவி வீட்டில் கூடு கட்டினால் அங்கே பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று நம் பக்கம் யாருக்குத் தெரியாது? அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "எம் பேரன் வாரான்டா!" என்று அழுதே விட்டது. எங்கள் ஊர் செக்கானூரணி முழுக்க மிட்டாய் கொடுத்தாயிற்று.

என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று இப்போதாவது புரிகிறதா? இனி அந்த டாக்டர் பேச்சே வேண்டாம். கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையாதே.

அன்புடன்
அருள்பாண்டி

பசுமலை,
10.9.2025

மாமா,

எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. நான் உண்டாகியிருக்கவில்லை. குளவி பற்றிய பேச்சு எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. படம் தெளிவாக விழுந்த சந்தோஷத்தில் அனுப்பினேன், அவ்வளவுதான்.

அத்தையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உண்டான மருமகளுக்குத் தட்டு வைக்கப் பழம் வாங்கச் சிம்மக்கல் பழக்கடைக்கு வரப்போகிறாராம், மதினி சொன்னார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும், திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லிவிடுங்கள்.

கனகா

திருப்பூர்,
15.9.2025

கனகா,

ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இப்போது இல்லையென்றால் எந்த முகத்தோடு நான் ஊருக்குள் போவது?

ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அம்மா வரும்போது படுத்தே இரு. கலைந்துவிட்டது என்று சொல். யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள், பாவம் என்பார்கள். எனக்காக இது மட்டும் செய். பிறகு நீ சொல்கிறபடியெல்லாம் கேட்கிறேன்.

அருள்பாண்டி

பசுமலை,
22.9.2025

அருள்பாண்டிக்கு,

நேற்று அத்தை வந்தார். தட்டு நிறையப் பழமும் வளையலும். நீங்கள் சொன்னபடி படுத்துத்தான் பார்த்தேன். அவர் என் வயிற்றில் கைவைத்து, "என்னத்தா, இம்புட்டு மெலிஞ்சு கெடக்க? எதையாச்சும் தின்னு" என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், நீங்கள் என்ன சொல்லச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து. "எம் மகன் அப்படிச் சொல்லவே மாட்டான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். வாசலில் நின்று அழுதேன்.

அவர் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன். ஏமாந்தவர், கோபப்படத்தான் செய்வார். இல்லாத பிள்ளையை ஊரறியச் சொன்னது நீங்கள். அதை என் வயிற்றிலேயே சாகடிக்கச் சொன்னதும் நீங்கள். ஒரு பரிசோதனைக்குப் போக வெட்கப்பட்டவருக்கு இதைக் கேட்க மட்டும் வெட்கமாக இல்லை.

உங்கள் சட்டை, வேட்டி எல்லாவற்றையும் மடித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்சல் போடுகிறேன். இந்தக் கடிதம் மேலேயே இருக்கும்.

கனகா