ஐந்து சோத்தாங்கைக் கத்திகள்

பூந்தமல்லி,
ஈஸ்வர வருஷம் ஐப்பசி 9ந் தேதி

சௌபாக்கியவதி வடிவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, பசுமாடு மூவரும் சௌக்கியம், மூவரில் மாடு ஒன்றுதான் எனக்கு முகம் கொடுக்கிறது. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் நலமாயிருக்க அம்மன் துணை. முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஐம்பத்திரண்டு வயதில் சொந்த வீட்டிலேயே திருடினேன், உன் அம்மா குளிக்கப் போன சமயம் அரிவாள்மனையின் அலகைக் கழற்றி மடியில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பேரனுக்கு முதல் சோறு ஊட்டும் கரண்டியை என் கையாலேயே குடைந்து அனுப்புகிறேன் என்று போன கடிதத்தில் வாயை விட்டேனே, அதன் வினை. கரண்டிக் குழியை நேர்க்கத்தியால் தோண்ட முடியாது, முனை கொக்கி மாதிரி வளைந்திருக்க வேண்டும், அப்படிக் கத்தி எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே ஊரெல்லாம் பழங்கத்தி பொறுக்கினேன். துலுக்கானம் சவரத்துக்கு ஆகாதென்று ஒதுக்கியது ஒன்று, மரமேறியின் முனை ஒடிந்த பாளைக்கத்தி ஒன்று, ஆவடிச் சந்தையில் துருப்பிடித்த பேனாக்கத்தி இரண்டு, ஐந்தாவது அந்த அலகு. தஸ்தகீர் பாய் உலையில் பழுக்கக் காய்ச்சி அழகாக வளைத்தும் கொடுத்தார், ஆனால் ஐந்தும் சோத்தாங்கைக்காரனுக்கு! நான் பீச்சாங்கைக்காரன் என்பது ஊருக்கே தெரியும், எழுத்து மட்டும் வாத்தியார் பிரம்புக்குப் பயந்து கை மாறியது. கேட்டால், நீ எதிர்ல நின்னுகினு கைய ஆட்டிக் காமிச்சே நைனா, எனக்குத் தெரிஞ்ச பக்கந்தானே வளைப்பேன், இதுல என் தப்பு இன்னா கீது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம், அதுதான் எரிச்சல்.

பிடிவாதமாகக் குடைந்து பார்த்தேன், இரண்டு பூவரசங்கட்டை பாழ், கட்டைவிரலில் துணிக்கட்டு. எட்டு நாளாகக் கையால் கிள்ளுகிற கீரைதான் வீட்டில் குழம்பு. லீவில் வந்திருக்கும் உங்கள் ரங்கூன் நாகேந்திரனோ சனிக்கிழமை கப்பலேறுகிறான், அவனை விட்டால் கரண்டி கொண்டுவர ஆளில்லை, வெறுங்கையோடு அனுப்பினால் சம்பந்தி வீட்டில் என் பேர் நாறிப்போகும். நேற்று உன் அம்மா வந்து நின்றாள். பீச்சாங்கையால கொடஞ்ச கரண்டில என் பேரனுக்குச் சோறா, ஊடு உருப்படுமா, தள்ளு அப்பால என்று அலகைப் பிடுங்கினாள். ஒரே பகல், பூசணிக்காய் குடைவதுபோல் குடைந்து முடித்துவிட்டாள். வழவழவென்று இருக்கிறது, சொல்ல வயிறு எரிகிறது. மாப்பிள்ளையிடம் நான் செய்ததாகவே சொல்.

கரண்டியைச் சுடுநீரில் ஊறப்போடாதே, வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவு. மழைக்காலம், குழந்தைக்குத் தலை துவட்ட மறக்காதே. நோய்நொடி இல்லாமல் மூவரும் நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
அரிவாள்மனைக்குப் பதில் சொல்லவேண்டிய உன் அப்பா
ஜெயராமன்

பி.கு. பையன் எதை நீட்டினாலும் பீச்சாங்கையால்தான் பிடுங்குகிறான் என்று எழுதியிருந்தாயே, உன் அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டேன்.