கடைக்கோடி ஊர்வாசல்

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

கவி ஒரு நோட்டைக் கொடுத்து, "ஆட்டத்துல நீ என்ன பண்ணினேன்னு எழுதி வைம்மா" என்றாள். அஞ்சாவது வரை படித்தவளுக்கு வீட்டுப்பாடம்! தைரியமாக எழுதலாம். என் மகள் டெல்லியில் பிறந்தவள், தமிழில் ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

ஆட்டத்தில் கட்டமும் இல்லை, சீட்டும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷத்தை வாயாலேயே கட்ட வேண்டும். கவி விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதை சொல்வாள். நினைத்தது நடக்குமா என்று இருபது முகப் பகடை சொல்லும். மற்ற இருவர் அவள் ஆபீஸ் சிநேகிதர்கள், கெவினும் மதுவும். நாலாவது ஆள் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டானாம். மயூர் விஹார் முழுக்க இட்லி மாவு விற்கிறவளைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

ஊர் பெயர் கடைக்கோடி. ராஜாவின் நாடு அங்கே முடிகிறது, அப்பால் பனியும் காடும்தான். எனக்கு ஊர்வாசல் காவல்.

"பேரு என்னம்மா வச்சுக்கிற?"

"பாப்பம்மாதான். இன்னொரு பேரு வச்சா யாரு திரும்பிப் பாக்குறது?"

"வாசற்காரிக்கு ஒரே பொண்ணு" என்றாள் கவி.

"அடங்காப்பிடாரியா?"

கெவின் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

23 பிப்ரவரி

கடைக்கோடியில் ஒரு விதி. காட்டுக்குள் ஒரு காய்ச்சல் இருக்கிறது. சாயங்கால மணி அடித்துவிட்டால் வாசலைத் திறக்கக் கூடாது. வெளியே நிற்பது கட்டியவனானாலும் சரி.

இன்று மணி அடித்தது. கவி குரலை இறக்கி, "பாப்பா, நான்தான். கதவைத் திற" என்றாள்.

"கடை சாத்தியாச்சு, காலையில வாய்யா" என்றேன். மதுவுக்கு டீ புரையேறியது. கவி சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னிக்குப் போதும்" என்றாள்.

என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர் ஒருவர்தான்.

26 பிப்ரவரி

அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை.

2 மார்ச்

கவிக்கு ஆபீஸ் வேலை, ஆட்டம் இல்லை. கெவின் மாவு வாங்க வந்தான்.

"ஆன்ட்டி, அந்த மணி ரூல் செம பயம். புக்ல அது கிடையவே கிடையாது தெரியுமா? கவியே சேர்த்தது."

"அச்சா" என்றேன். மாவு டப்பாவிலிருந்து வழிந்து கையில் இறங்கியது. அவன் சொல்லித்தான் பார்த்தேன்.

4 மார்ச்

எழுதிவிடுகிறேன். அவளால் வேகமாகப் படிக்க முடியாது என்கிற தைரியம்தான்.

அப்போது லோதி ரோடு குவார்ட்டர்ஸ். கவியின் அப்பா ஆபீஸ் கார் டிரைவர். 2021, ஊரே மூச்சுக்கு அலைந்த சித்திரை. அவருக்குக் காய்ச்சல் வந்தது. கவிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அவராகத்தான் மொட்டை மாடி அறைக்குப் போனார். சோற்றைப் படியில் வைப்பேன், எடுத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இறங்கி வந்து தட்டினார். "பாப்பா, நான்தான். கதவைத் திற. தனியா இருக்க முடியல."

ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியாச்சு, வந்துட்டே இருக்கு, மேலேயே இருய்யான்னு உள்ளேயிருந்தே சொன்னேன். கை தாழ்ப்பாள் மேலதான் இருந்துச்சு. அத்தனை வெயிலில் அந்த இரும்பு சில்லுன்னு இருந்துச்சு. திறக்கல. காலடிச் சத்தம் படியேறிப் போச்சு. வண்டியில ஏறினதை ஜன்னல் வழியா பார்த்தேன். அவ்வளவுதான். உயிர் போனப்புறம் ஆஸ்பத்திரியில முகத்தைக்கூடக் காட்டல.

கவி உள்ளறையில் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். நாலு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் போன மாசம் அதே வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வந்தன.

இத்தனை நாள் ஓயாமல் கேலி பேசினேனே — அவள் வாயைத் திறந்து கேட்டுவிடக் கூடாது என்றுதானா?

9 மார்ச்

மணி அடித்தது. "பாப்பா, நான்தான்."

"திறக்கிறேன்" என்றேன்.

"ஆன்ட்டி, நோ!" கெவின் எழுந்தே விட்டான். "எல்லாரும் செத்தோம்" என்றாள் மது.

கவி புத்தகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு ஆளு. தனியா. காய்ச்சல் கொதிக்குது."

"உள்ள கூட்டியாந்து உக்கார வைக்கிறேன். தண்ணி குடுக்குறேன்."

"ஒட்டிக்கும்மா."

"ஒட்டட்டும்."

உருட்டினேன். மூன்று விழுந்தது. வாசற்காரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்றாள் கவி. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போலக்கூட இருந்தது.

"பொண்ணும் அதே வீட்லதான் இருக்கா" என்றாள். "அவளுக்கும் ஒரு தடவை உருட்டு."

பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டேன். "மாட்டேன்."

"ரூல் ஆன்ட்டி, ஜல்தி" என்ற கெவினின் காலை மது மிதித்தாள்.

"உருட்டும்மா."

"மாட்டேன்டி. உன் ஆட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவளுக்கு மட்டும் உருட்ட மாட்டேன்."

கவி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் பகடை முனை பதிந்து சிவந்திருந்தது.

"நான் முழிச்சிட்டுதான் இருந்தேன்மா. எனக்கும் கேட்டுச்சு. நானும் எழுந்து வரல."

கெவினும் மதுவும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

17 மார்ச்

இன்று பாத்திரம் கழுவும்போது கவி கேட்டாள். "அன்னிக்கு அப்பா திட்டினாரா?"

"இல்லடி. சரின்னு சொன்னாரு."

திட்டியிருக்கலாம்.

29 ஏப்ரல், செவ்வாய்

மூன்று வருஷமாக, அவர் போன இந்தத் தேதியில் கவி வீட்டில் இருந்ததில்லை, ஏதாவது சாக்கு சொல்லிப் போய்விடுவாள். இன்று லீவு போட்டுவிட்டு ஐஎன்ஏ மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தாள். குழம்பு வைத்து இலை போட்டேன்.

படையல் வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பது எங்கள் விழுப்புரம் பக்கத்து வழக்கம். போனவர் வந்து சாப்பிட வேண்டும். பிறகு தட்டிவிட்டுத்தான் நாம் உள்ளே போவோம்.

இருவரும் மாடிப்படியில் நின்றோம். படியேறி வந்த மேல்வீட்டு அம்மா, சாவி தொலைந்துவிட்டதா என்று இந்தியில் கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி, உள்ள அப்பா சாப்பிடுறாரு" என்று கவியும் இந்தியிலேயே சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். கவி பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா. நிதானமா சாப்பிடட்டும்."