எனக்கு மட்டும் திறந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம், தூக்கம்தான் பாக்கி.

இந்த வாரம் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். இங்கே அலுவலகத்தில் எல்லோருடைய திரையும் நான் பார்த்துக்கொள்ளும் ஒரே சர்வரிலிருந்து, அதாவது ஒரு பொதுக் கணினியிலிருந்துதான் வருகிறது. அதில் தற்காலிகக் கோப்புகளுக்கு ஒரு பொது இடம் உண்டு. யார் வேண்டுமானாலும் வைக்கலாம், வைத்தவர்தான் எடுக்கலாம். அது நிரம்பி வழிந்ததால் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினேன். எல்லோருக்குமான அனுமதியைத் திரும்பக் கொடுக்க மறந்துவிட்டேன். சோதித்தபோது நன்றாகவே ஓடியது. ஆனால் நான் சோதித்தது நிர்வாகி கணக்கில். அதற்கு எந்தக் கதவும் மூடாது.

திரை திறக்க வேண்டுமானால் அவரவர் பெயரில் அங்கே ஒரு கோப்பு வைத்தாக வேண்டும்; அதனால் காலையில் வேறு யாருக்கும் திறக்கவில்லை. கடவுச்சொல்லைப் போட்டால், மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்டது. கணக்குப் பிரிவு அக்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாம்மா? மறைக்காம சொல்லு."

"ஐயோ, இல்லக்கா. தப்பு என்னோடது."

ஒரு வரிக் கட்டளையில் சரியாகிவிட்டது. அக்கா கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைக்கத்தான் நேரமானது.

மேலாளர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். என் அறையை அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒழித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். கட்டில், மேசை எல்லாம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். கதவுக்குப் பின்னால் கொக்கியில் என் பழைய குடை தொங்கும். மழை பெய்தாலும் அதை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம். வைத்தவள் நான், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்